இட்டேரியைச் சுத்தம் பண்ணினோம்

அந்த போன்ல ரெக்கார்ட் ஆகறதை மட்டும் சித்தெ நிறுத்திருங் கண்ணு. எழுதிக்கறதுன்னா எழுதிக்கங்க, வேண்டாங்கல. குரல் மட்டும் வேண்டாம். தஞ்சாவூர்ல இருந்து இத்தனை தூரம் பஸ்ஸேறி வந்துட்டீங்க. எங்க ஊர்லயும் இப்படி ஞாயித்துக்கிழமை வேலை ஆரம்பிக்கோணும், எப்படிக்கா ஆள் சேத்தறீங்கன்னு கேக்கறீங்க. சொல்றேன். கத்தி எங்க வாங்கறது, கையுறை எது முள்ளுக்குத் தாங்கும், எல்லாம் சொல்றேன். அதுல நான் கெட்டிக்காரி. பேப்பர்ல வந்த போட்டோவைப் பாத்துட்டுத்தான வந்தீங்க? அதுல நடுவால நிக்கறது நான்தான். சேலைக்கு மேல எங்க வீட்டுக்காரரு சட்டையப் போட்டுக்கிட்டு, தலைல தொப்பி ஒண்ணு வெச்சுக்கிட்டு.

அந்தப் போட்டோவைப் பாக்கவே இப்ப எனக்குக் கூசுதுங்க. அதைத்தான் மொதல்ல சொல்லோணும். கத்தி, கையுறையெல்லாம் அப்புறம்.

காபி ஆறுது, குடிங்க. சக்கரை பத்துமா?

இட்டேரின்னா உங்க பக்கம் தெரியாது. ரெண்டு தோட்டத்துக்கு நடுவால மாட்டுவண்டி போற தடமுங்க. ரெண்டு பக்கமும் வேலி. கிளுவை, கள்ளி, சங்கமுள்ளு, அதுமேல பிரண்டை, கோவைக்கொடின்னு ஆள் உசரத்துக்கு மேல மண்டிக் கெடக்கும். உள்ள ஆள் நின்னாலும் வெளிய தெரியாது. எங்க காலனிக்குப் பொறத்தால இருந்து குளத்துக்கரை வரைக்கும் அப்படி ஒண்ணு போகுது. தோட்டமெல்லாம் வீட்டு சைட்டாயிருச்சு, இட்டேரி மட்டும் மிச்சம். குளத்துக்கு அக்கட்டால கொஞ்சம் வீடுங்க இருக்குது. லைன் வீடு. எங்க காலனில வேலை செய்யற பொம்பளைங்க முக்காவாசிப் பேரு அங்கிருந்துதான் வர்றாங்க. இட்டேரி வழியாத்தான் வருவாங்க.

நாங்க மொதல்ல குளத்துலதான் ஆரம்பிச்சோம். கரைல பாட்டிலு, கவரு, பூஜை சாமான்னு பொறுக்கினோம். எங்க வீட்டுக்காரரு மோட்டார் பட்டறை வெச்சிருக்காரு, பையன் புனேல. எனக்கும் பொழுது போகோணுமல்ல? வாட்ஸ்அப்ல குரூப்பு ஆரம்பிச்சேன். மொத வாரம் நானும் இன்னும் நாலு பேரும். அப்புறம் வேலை முடிஞ்சதும் அரிசிம்பருப்பு சாதம் போட ஆரம்பிச்சேன் பாருங்க, நெய் ஊத்தி, அப்பளத்தோட. நாப்பது பேருக்குக் குறையாம வந்தாங்க! இதை எழுதிக்கங்க. சேவை மனப்பான்மையெல்லாம் அப்புறமுங்க, மொதல்ல சோறு.

போட்டோ எடுக்கறது தாமோதரன் சார். டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆனவரு. எதுலயும் ஒரு கிரமம் அவருக்கு. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்ன ஒரு போட்டோ, முடிஞ்சதும் ஒரு போட்டோ. ரெண்டும் ஒரே எடத்துல நின்னு எடுக்கோணும்னு செங்கல்லு ஒண்ணை அடையாளம் வெச்சிருவாரு. அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு குரூப்புல விடுவாரு. அதைப் பாத்தாத்தான் சனங்களுக்குத் தெம்பு. அடுத்த வாரம் இன்னும் நாலு பேரு வருவாங்க.

அதுலதானுங்க வந்துச்சு வினை.

குளம் முடிஞ்சு இட்டேரிக்கு வந்தோம். கணக்குப்படி சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் மட்டும்தான் வெட்டோணும். அதுதான் வெளிய இருந்து வந்த செடி, மத்ததைத் தொடக்கூடாதுன்னு ஒரு காலேஜ் வாத்தியாரு வந்து வகுப்பே எடுத்துட்டுப் போயிருந்தாரு. மொத ஞாயித்துக்கிழமை அப்படித்தான் வெட்டினோம். கையெல்லாம் கிழிஞ்சு, வேர்த்து விறுவிறுத்துப் போயி நின்னா, தாமோதரன் சார் ரெண்டு போட்டோவையும் காட்டறாரு. ஒண்ணுமே தெரியலைங்க! முன்னயும் பச்சை, பின்னயும் பச்சை. குரூப்புல ஒருத்தன் எது முன்ன எது பின்னன்னு கேட்டு சிரிக்கற பொம்மையப் போட்டான். எனக்கு மனசு பொக்குனு போச்சு.

அடுத்த வாரம் நான்தான் சொன்னேன். வேற ஆரு மேலயும் பழி போட மாட்டேன். "வேலியைச் சேத்தே எடுத்துருங்க, தடம் நல்லா அகலமா வரட்டும், காலைல எல்லாரும் நடக்கலாமல்ல"ன்னு. வாத்தியாரு அன்னிக்கு வரல. வந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

இப்ப மாராத்தாளைப் பத்திச் சொல்லோணும். எங்க வீட்டுல வேலை செய்யறவ. அந்த லைன் வீட்டுக்காரிதான். காலைல வந்தா மத்தியானம் சோத்துக்கு அப்புறம்தான் போவா. வருசக்கணக்கா இருக்கறா, ஒரு ஸ்பூன் காணாமப் போனதில்லை. எங்க வீட்டு ஆளாட்டத்தான் வெச்சிருக்கறேன். அவளுக்குன்னு தனியா ஒரு டம்ளரே இருக்குது பாருங்க, சன்னல்ல கவுத்தி வெச்சிருப்பா.

வேலி எடுத்ததுக்கு முந்தின சனிக்கிழமை அவகிட்ட, "நாளைக்கு உங்க இட்டேரியை நாங்க பளிச்சுனு ஆக்கப்போறோம், நீயும் நாலு பேரைக் கூட்டிட்டு வா"ன்னேன். சந்தோசப்படுவான்னு பாத்தா, துடைச்ச எடத்தையே துடைச்சுட்டு நிக்கறா. "அம்மிணி, குளத்துப் பக்கமே பண்ணுங்களே"ன்னா. "குளம் முடிஞ்சுது புள்ள"ன்னேன்.

ஆனா மறுநா வந்துட்டாங்க. இவளும் இன்னும் கொஞ்சம் பொம்பளைங்களும். வேலை செய்யறதுக்கு இல்ல. அக்கட்டால ஓரமா நின்னுட்டு இருந்தாங்க. வேடிக்கை பாக்கறாங்கன்னு நெனச்சேன். குளத்துக்குப் போற வளைவு ஒண்ணு இருக்குது, அங்க வேலி ரொம்ப அடர்த்தி. அங்க போயி கத்தியை வெக்கறப்ப மாராத்தா எங்கிட்ட வந்தா. தலையைக் குனிஞ்சுட்டு, "அம்மிணி, அந்த வளைவை மட்டும் விட்டுருங்களே"ன்னா. மெதுவா. காதுக்கிட்ட வந்து சொல்றவளாட்ட.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சத்தமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "ஏம் புள்ள, அங்க என்ன பொதையலா வெச்சிருக்கற?"ன்னேன். அத்தனை பேரும் சிரிச்சாங்க. தாமோதரன் சார், பட்டறைப் பசங்க, ஆம்பளைங்க எல்லாரும். நானும் சிரிச்சேன். நல்லா சிரிச்சேன். எனக்கு அப்படிப் பேச வரும் கண்ணு, நாலு பேரை வெச்சுக்கிட்டு ஒரு பேச்சுப் பேசறதுன்னா எனக்கு வெல்லம். "பாம்பு கடிச்சா நீதான வந்து அழுவ, போ போ"ன்னும் சொன்னேன். அவ போயி அந்தப் பொம்பளைங்களோட நின்னுக்கிட்டா.

மத்தியானத்துக்குள்ள எடுத்துட்டோம். பொக்லைன் ஒண்ணு வேற, ஒருத்தரு இலவசமாக் குடுத்தாரு. இந்த முனைல நின்னா குளத்துத் தண்ணி தெரிஞ்சுது. அடேயப்பா, போட்டோவுல பாக்கோணும் நீங்க! மலைக்கும் மடுவுக்குமாட்ட வித்தியாசம். எனக்கு இன்னொரு யோசனையும் வந்துச்சு. அந்தப் பொம்பளைங்களையும் கூப்பிட்டு நடுவால நிக்க வெச்சேன். இது அவங்க வழியுமாச்சே, அவங்களும் இருந்தாத்தான எடுப்பா இருக்கும்? அவங்க மாட்டேன்னாங்க. நான் கையப் புடிச்சு இழுத்து நிக்க வெச்சேன். பேப்பர்ல பாத்தீங்கல்ல, பொதுமக்கள் மகிழ்ச்சின்னு போட்டிருந்தானே. ஒருத்தியும் தலை நிமிரல பாருங்க அதுல. வெக்கப்படறாங்கன்னு நெனச்சுட்டேன்.

வெக்கம்தான். அதுவும் வெக்கம்தான்.

மறுநா காலைல மாராத்தா வந்தா. காபி போட்டு வெச்சேன். "வேண்டாம் அம்மிணி"ங்கறா. ஒருநா சரி, வயிறு சரியில்லையாட்ட இருக்குதுன்னு விட்டேன். அடுத்த நாளும் வேண்டாம். அதுக்கு அடுத்த நாளும் வேண்டாம். மத்தியானம் சோறு போட்டா ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சர்றா. தண்ணி தொடறதில்லை. வெயில் கொளுத்துது, துணி அலசிட்டு இருக்கறா, ஒரு சொம்பு தண்ணி குடின்னா, "தாகமில்லீங்க"ங்கறா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஆகா, அன்னிக்கு நாலு பேரு முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டமாம், அதுக்கு ரோசம்! எங்கூட்டுத் தண்ணியே வேண்டாமாம்! வீட்டுக்காரருகிட்டச் சொல்லிச் சொல்லிக் கருவினேன். "விடு, நீ பேசினது அப்படி"ன்னாரு. அதுக்கு அவரு கூடவும் சண்டை. போட்ட காபியை அவ கண்ணு முன்னாலயே சிங்க்ல ஊத்தினேன் கண்ணு. "ஒசந்தவ ஆயிட்ட, இனி உனக்கு எதுக்கு எங்கூட்டுக் காபி"ன்னு. அவ அந்த சிங்க்கையும் கழுவிவிட்டுட்டுப் போனா.

இது ஒரு வாரம் ரெண்டு வாரமில்லீங்க. மாசம் தாண்டிருச்சு. ஆளு கறுத்து, கண்ணு உள்ள போயி. நான் பேசறதை நிறுத்திட்டேன். வேலை மட்டும் சொல்லுவேன். இன்னும் எத்தனை நாளைக்கு இந்த வீம்புன்னு பாக்கறேன்னு இருந்தேன்.

ஒருநா துணி துவைக்கற கல்லுகிட்ட பொத்துனு சத்தம். ஓடிப்போயிப் பாத்தா கீழ கெடக்கறா. உடம்பு நெருப்பாக் கொதிக்குது. ஆட்டோ புடிச்சு, எங்களுக்குப் பழக்கமான லேடி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அந்தம்மா பாத்துட்டு, யூரின்ல கிருமி, கிட்னி வரைக்கும் போயிருச்சுன்னாங்க. "ஏம்மா, தண்ணியே குடிக்கறதில்லையா? அடக்கி அடக்கி வெச்சுக்கறியா?"ன்னு கேட்டாங்க.

மாராத்தா கட்டில்ல படுத்துட்டு மேல பாத்துக்கிட்டே சொல்றா. "குடிச்சா எங்கீங்க போறது?"

டாக்டருக்குப் புரியல. அவளே சொன்னா. அவங்க லைன் வீட்டுக்குப் பொதுக் கழிப்பறை கட்டிக் குடுத்தாங்களாம், தொட்டிக்குத் தண்ணி ஏறவே இல்லையாம், பூட்டிப் போட்டாங்களாம். "முன்ன இட்டேரில வேலி இருந்துச்சுங்க. அந்த வளைவுலதான் பொம்பளைங்க போவோம். நேரங்கெட்ட நேரத்துல கூடப் போயிக்கலாம், ஆரும் பாக்க முடியாது. இப்பத்தான் எல்லாம் எடுத்துட்டாங்களே. விடியறதுக்கு முன்ன போலாம்னாலும் ஆம்பளைங்க டார்ச்சு அடிச்சுக்கிட்டு வாக்கிங் வர்றாங்க. அதனால நாங்க தண்ணியக் கொறைச்சுக்கிட்டோமுங்க."

நாங்கங்கறா கண்ணு. இவ ஒருத்தி இல்ல. அத்தனை பொம்பளைங்களும். வயசுக்கு வந்த புள்ளைங்களும்.

டாக்டரம்மா, "ஆரு எடுத்தது வேலியை?"ன்னாங்க. மாராத்தா என்னையத் திரும்பியே பாக்கல. "ஆரோ எடுத்தாங்க"ன்னா.

அப்பவாச்சும் நான் வாயை மூடியிருக்கோணுமல்ல? ஆட்டோவுல வர்றப்ப அவகிட்டக் கத்தறேன். "வாயைத் தொறந்து சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேனா? நான் என்ன கல்லா? நானும் பொம்பளைதான?"ன்னு. அவ மெதுவா, "அத்தனை ஆம்பளைங்க நின்னாங்களே அம்மிணி, எப்படிங்க சொல்றது"ன்னா. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாமாட்ட இருந்துச்சு. அவ சொல்லத்தான வந்தா? காதுக்கிட்டத்தான வந்தா? நான்தான பொதையலான்னு கேட்டேன்.

அப்புறம் நான் சும்மா இருக்கலைங்க. அதையும் எழுதிக்கங்க. பச்சை வலை வாங்கி அந்த வளைவுல கட்டினேன். ஒரே காத்துல கிழிச்சுட்டுப் போயிருச்சு. மறுபடி கட்டினா, வாக்கிங் போறவங்க, குளம் தெரியலைன்னு கழட்டி விட்டுட்டாங்க. கழிப்பறைக்குத் தண்ணி வுடச் சொல்லி மனுக் குடுத்தேன், பாக்கலாங்கறாங்க, பாத்துக்கிட்டே இருக்கறாங்க. மழை பேஞ்சதும் கிளுவைக் குச்சி வெட்டியாந்து வேலி நட்டோம். வெட்டறப்ப வந்த கூட்டம் நடறப்ப வரலைங்க. ஏழெட்டுப் பேருதான். கூட்டத்துக்காக இன்னொரு காரியம் பண்ணினேன். அதைச் சொன்னா நீங்க என்னைய என்ன நெனப்பீங்களோ.

குரூப்புல என்ன போட்டேன் தெரியுமா? வேலி எதுக்குன்னா பறவைங்க கூடு கட்டறதுக்குன்னு போட்டேன். பொம்பளைங்க வெளிய போறதுக்குன்னு போட முடியலைங்க. கை வரல. தாமோதரன் சார் படிப்பாரு, எங்க இவரோட சிநேகிதங்க படிப்பாங்க. எப்படிப் போடறது? குருவிக்குன்னா எல்லாரும் கையெடுத்துக் கும்பிடற பொம்மையப் போடறாங்க. வாக்கிங் போறவங்க கூட, பாவம் குருவிங்கதானன்னு இப்ப சும்மா விட்டுட்டாங்க. குச்சி துளுத்திருக்குது. முழங்கால் உசரம் வந்திருக்குது. ஆள் மறையறதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருசமாவது ஆகும்னு சொல்றாங்க.

மாராத்தா இப்ப தேவலை. வேலைக்கு வந்துட்டா. பொறத்தால பாத்திரம் வெளக்கற சத்தம் கேக்குதல்ல, அவதான். டாக்டரு தெனம் மூணு பாட்டில் தண்ணி குடிக்கோணும்னு சொல்லியிருக்காங்க, இல்லீன்னா திரும்பவும் வந்துருமாம். நானே ஒரு பாட்டில் வாங்கிக் குடுத்திருக்கறேன். நம்ப மாட்டேன் அவளை. எங்கண்ணு முன்னால, இந்த சமையக்கட்டுல நின்னு, முழுசாக் குடிக்கோணும். கண்டிசனாச் சொல்லிட்டேன். இன்னிக்கு ரெண்டு பாட்டில் ஆச்சு. ஏதோ, நான் செஞ்ச பாவத்துக்கு என்னால ஆனது.

என்ன கண்ணு?

குடிச்சுட்டு... எங்க போவாங்கன்னா?

எங்க போவா. வீட்டுக்குப் போயித்தான்... இல்ல, அங்கதான் இல்லையே. மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருக்கறா. குடிச்சுட்டு... தெரியலைங் கண்ணு. நான் அதை நெனச்சே பாக்கல. குடிக்கறாளான்னு பாத்தேன்.

இந்த வீட்டுல மூணு பாத்ரூம் இருக்குது. மேல ஒண்ணு, கீழ ரெண்டு. அவதான் தெனமும் கழுவறா. மூணையும் அவதான் தேய்ச்சுக் கழுவறா. கழுவிட்டுக் கதவைச் சாத்திட்டு வந்துருவா. நான் வேண்டாம்னு சொன்னதில்லைங்க. சத்தியமாச் சொன்னதில்லை. போகாதேன்னு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதே இருக்கல. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அட சாமி. வேலி இருந்தப்பவும் இங்கிருந்து அங்கதான போயிருக்கறா. வேலை நடுவால சித்தெ வெளிய போயிட்டு வர்றேம்பா. எங்க போறான்னு நான் கேட்டதே இல்ல. எத்தனை வருசம்.

இருங்க. இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடறேன். இதுல என்ன இருக்குது, சொல்லிட்டாப் போச்சு. நீங்களும் இருக்கீங்க. மாராத்தா! ஏ புள்ள மாராத்தா! பாத்திரம் கெடக்கட்டும், இங்க வந்துட்டுப் போ.

இல்ல, காபியெல்லாம் வேண்டாம். அது வந்து... கையத் தொடைச்சுக்க. இவங்க தஞ்சாவூர்ல இருந்து வந்திருக்காங்க. அது என்னன்னா... பாத்ரூம் இருக்குதல்ல...

என்ன?

ஓ. கழுவிட்டியா. மூணுமா. சரி.

சரி, போ.

கேட்டீங்களா கண்ணு. நீங்க போகோணும்னு கேக்கறீங்கன்னு நெனச்சுக்கிட்டா. கீழ இருக்கறது ஈரம் காஞ்சிருச்சாம், உங்களைப் போகச் சொல்றா. புது சோப்பு பிரிச்சு வெச்சு, துண்டும் மாத்தி வெச்சிருக்கறாளாம்.